வீட்டு புரொஜெக்டருக்கு எந்தக் கருவியிலிருந்து படம் கொடுப்பது: ஒரு முழுமையான வழிகாட்டி

புரொஜெக்டரையும் திரையையும் ஸ்பீக்கர்களையும் மாதக்கணக்கில் ஒப்பிட்டு வாங்குகிறவர்கள், படத்தைக் கொடுக்கும் கருவியை மட்டும் கடைசி நாளில், கையில் இருப்பதை வைத்து முடித்துவிடுகிறார்கள். 43 அங்குல டிவியில் அது பெரிய குறையாகத் தெரியாது. அதே படத்தை 100 அங்குலத் திரையில் விரிக்கும்போது பரப்பு ஐந்து மடங்குக்கு மேல் கூடுகிறது. டிவியில் கண்ணுக்குத் தப்பிய கட்டம் கட்டமான நிழல்களும், முகத்தின் மீது வழவழப்பாகப் பூசியது போன்ற மங்கலும் இப்போது திரையின் நடுவில் வந்து நிற்கும். எனவே எந்தக் கருவி சிறந்தது என்று கேட்பதற்கு முன், உங்கள் புரொஜெக்டர் உண்மையில் எதைக் காட்ட வல்லது, நீங்கள் உண்மையில் எதைப் பார்க்கப்போகிறீர்கள் என்ற இரண்டையும் முடிவு செய்துகொள்ள வேண்டும். அந்த இரண்டும் தெளிவானால் கருவி ஏறக்குறைய தானாகவே முடிவாகிவிடும். விலையுயர்ந்த கருவி தேவையில்லை என்றும் பலருக்குத் தெரியவரும்.

முதல் படி: புரொஜெக்டரின் உண்மையான திறனைத் தெரிந்துகொள்ளுதல்

அட்டைப்பெட்டியில் "4கே சப்போர்ட்" என்று அச்சிட்டிருப்பதற்கும் புரொஜெக்டர் 4கே, அதாவது 3840×2160 பிக்சல், காட்டுவதற்கும் தொடர்பு இல்லை. அந்தச் சொல்லுக்குப் பொருள், 4கே சிக்னலை அது ஏற்றுக்கொள்ளும் என்பது மட்டுமே. ஏற்றுக்கொண்டபின், எடுத்துக்காட்டாக 1280×720 பிக்சல் கொண்ட தன் பேனலுக்குத் தக்கபடி சுருக்கித்தான் காட்டும். விவரப் பட்டியலில் "நேட்டிவ் ரெசல்யூஷன்" என்ற வரியைத் தேடிப் பாருங்கள். அங்கே 1920×1080 என்றிருந்தால் அது 1080பி புரொஜெக்டர். இடைப்பட்ட வகை ஒன்றும் உண்டு. பல டிஎல்பி (நுண்கண்ணாடிகளால் ஒளியை வீசும் வகை) புரொஜெக்டர்களில் இருக்கும் 0.47 அங்குல சிப்பில் 1920×1080 நுண்கண்ணாடிகளே உள்ளன. ஒவ்வொரு ஃபிரேமையும் நான்கு முறை சற்றே நகர்த்தி வீசி, 83 லட்சம் பிக்சல்களைத் திரையில் உருவாக்குகின்றன. இதை ஏமாற்று என்று சொல்லமாட்டேன். நல்ல 4கே மூலத்துக்கும் 1080பி மூலத்துக்குமான வேறுபாடு இவற்றில் தெரியவே செய்கிறது.

அடுத்து, உட்காரும் தூரம். 100 அங்குலத் திரையின் அகலம் ஏறக்குறைய 2.21 மீட்டர். அதில் 1920 பிக்சல்களைப் பரப்பினால் ஒரு பிக்சல் 1.15 மில்லிமீட்டர் அகலம் வரும். இயல்பான பார்வையுள்ள கண் ஒரு கோணநிமிட (ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு) அளவைப் பிரித்தறியும் என்று கொண்டால், ஏறக்குறைய 4 மீட்டர், அதாவது 13 அடிக்கு அப்பால் உட்காருபவருக்கு 1080பி-யும் 4கே-யும் கூர்மையில் ஒன்றுபோலத்தான் தோன்றும். 10 அடியில் சோபா போட்டவருக்கு வேறுபாடு தெரியும். நம் வீட்டு அறைகளில் பெரும்பாலானவை இந்த இரண்டு தூரங்களுக்கும் இடையில்தான் முடிகின்றன என்பதால், டேப் எடுத்து அளந்து பார்ப்பது நல்லது.

மூன்றாவது, எச்டிஎம்ஐ போர்ட்டின் வகை. எச்டிஎம்ஐ 1.4 போர்ட் 4கே படத்தை நொடிக்கு 30 ஃபிரேம் வரை மட்டுமே கடத்தும். 60 ஃபிரேமுக்கு எச்டிஎம்ஐ 2.0, அதாவது நொடிக்கு 18 கிகாபிட் (ஜிபிபிஎஸ்) வேகம் வேண்டும். அதோடு எச்டிசிபி 2.2 என்ற நகல் தடுப்பு முறையும் அந்தப் போர்ட்டில் இருக்க வேண்டும்; இல்லையென்றால் ஓடிடி ஆப்பும் 4கே டிஸ்க்கும் தரத்தைக் குறைத்துவிடும் அல்லது படமே காட்டாது. சில பழைய புரொஜெக்டர்களில் இரண்டு போர்ட் இருந்தும் ஒன்றில்தான் எச்டிசிபி 2.2 இருக்கும். கையேட்டில் எந்தப் போர்ட் என்று பார்த்து அதில்தான் செருக வேண்டும்.

இரண்டாம் படி: எதைப் பார்க்கிறீர்கள் என்று எழுதிப் பார்த்தல்

ஒரு மாதத்தில் வீட்டில் ஓடியவற்றை நினைவிலிருந்து ஒரு தாளில் எழுதுங்கள். ஓடிடி படம், கிரிக்கெட், சன் டிவி சீரியல், கேம், பென் டிரைவில் இருக்கும் கல்யாண வீடியோ என்று ஒரு பட்டியல் வரும். இதில் ஆசையைச் சேர்க்கக் கூடாது. டிஸ்க் சேகரிக்க வேண்டும் என்பது பல ஆண்டு ஆசையாகவே இருந்துவிட்டால், அதற்காகப் பிளேயர் வாங்குவதில் பயனில்லை. தமிழ்ப் படங்களையே பெரும்பாலும் பார்க்கும் வீட்டுக்கு இது இன்னும் பொருந்தும், ஏனென்றால் தமிழ்ப் படங்கள் புளூ-ரே டிஸ்க்காக வெளிவருவது அரிதாகிவிட்டது. அவற்றுக்குக் கிடைக்கும் மிக நல்ல பதிப்பு பெரும்பாலும் ஓடிடியில்தான் இருக்கிறது. ஆங்கிலப் படங்களை விரும்பித் திரும்பத் திரும்பப் பார்க்கிறவருடைய கணக்கு வேறு.

மூன்றாம் படி: பிட்ரேட்டைப் பார்த்தல்

4கே என்ற சொல் பிக்சல் எண்ணிக்கையை மட்டுமே சொல்கிறது. அந்தப் பிக்சல்களை நிரப்ப நொடிக்கு எவ்வளவு தகவல் வருகிறது என்பதை, அதாவது பிட்ரேட்டை, சொல்வதில்லை. 4கே பார்ப்பதற்கு நெட்ஃபிளிக்ஸ் பரிந்துரைக்கும் இணைய வேகம் நொடிக்கு 15 மெகாபிட் (எம்பிபிஎஸ்). 1080பி படம் கொண்ட சாதாரணப் புளூ-ரே டிஸ்க்கில் படத்துக்கு மட்டும் 40 எம்பிபிஎஸ் வரை இடம் உண்டு. 2016-இல் வந்த அல்ட்ரா எச்டி புளூ-ரேயில் மொத்தம் 128 எம்பிபிஎஸ் வரை போகலாம். இணையத்தில் வரும் 4கே படம் புதிய, திறமையான சுருக்கமுறையைப் பயன்படுத்துவதால் எண்களை நேருக்கு நேர் ஒப்பிட முடியாது. இருந்தாலும் இடைவெளி மிகப் பெரியது.

இந்த இடைவெளி எல்லாக் காட்சிகளிலும் தெரிவதில்லை. பகல் வெளிச்சத்தில் இருவர் நின்று பேசும் காட்சியில் ஓடிடிக்கும் டிஸ்க்குக்கும் வேறுபாடு காண்பது கடினம். மழை, புகை, இருட்டான அறையில் ஒற்றை விளக்கு, ஆயிரம் பேர் ஓடும் கூட்டம் ஆகியவற்றில்தான் சோதனை. இருட்டுச் சுவரில் விளக்கொளி மெல்ல மங்கிப்போக வேண்டிய இடத்தில், வரப்பு கட்டியது போல நான்கைந்து பட்டைகள் தெரிந்தால் அது புரொஜெக்டரின் குறையாக இருக்க வேண்டியதில்லை. மூலத்தில் தகவல் போதாமையே பெரும்பாலும் காரணம். புரொஜெக்டரை மாற்ற நினைப்பவர்கள் முதலில் அதே காட்சியை வேறொரு மூலத்திலிருந்து ஓட்டிப் பார்க்க வேண்டும்.

நான்காம் படி: கருவியைத் தேர்ந்தெடுத்தல்

புரொஜெக்டருக்குள்ளேயே இருக்கும் ஆண்ட்ராய்டு வசதியிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் பலரும் அதோடு நின்றுவிடுகிறார்கள். இதில் இரண்டு சிக்கல். ஒன்று, உரிமம். ஓடிடி நிறுவனங்கள் தங்கள் படங்களை வைட்வைன் என்ற பூட்டோடு அனுப்புகின்றன. அதில் எல்1 என்ற நிலை பெற்ற கருவிக்கு மட்டுமே உயர்தரப் படம் வரும், எல்3 மட்டும் உள்ள கருவிக்குச் சாதாரணத் தரமே கிடைக்கும். மலிவான புரொஜெக்டர்கள் பலவற்றில் செல்போன் ஆப்பை அப்படியே ஏற்றி வைத்திருப்பார்கள். நெட்ஃபிளிக்ஸ் திறக்கும், படமும் ஓடும், ஆனால் பழைய டிவிடியின் தெளிவுதான் இருக்கும். கருவியில் டிஆர்எம் (இந்தப் பூட்டு) பற்றிய தகவல் காட்டும் இலவச ஆப் ஒன்றை நிறுவினால் எந்த நிலை என்று ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். இரண்டு, ஆயுள். புரொஜெக்டர் எட்டுப் பத்து ஆண்டு உழைக்கும். அதனுள் இருக்கும் மென்பொருளுக்குப் புதுப்பிப்பு அவ்வளவு காலம் வருவது அபூர்வம். உள்ளே இருக்கும் வசதியைக் கூடுதல் லாபமாக மட்டும் வைத்துக்கொண்டு, வெளியில் ஒரு கருவி வைப்பதுதான் என் பரிந்துரை.

வெளிக்கருவிகளில் ஃபயர் டிவி ஸ்டிக், கூகுள் டிவி பெட்டிகள், ஆப்பிள் டிவி 4கே ஆகிய மூன்று குடும்பங்கள் பெரும்பாலான வீடுகளுக்குப் போதும். 1080பி புரொஜெக்டருக்கு 4கே ஸ்டிக் கட்டாயம் இல்லை. ஆனால் விலை வேறுபாடு சிறிது என்பதாலும் வேகமான சிப் இருப்பதாலும் 4கே வகையை வாங்குவதில் தவறில்லை. ஆப்பிள் டிவியின் விலை அதிகம். அதன் பலம், படத்தின் ஃபிரேம் வேகத்துக்கும் எச்டிஆர் (மிகு வெளிச்சத்தையும் ஆழ்ந்த இருட்டையும் ஒருசேரக் காட்டும் படமுறை) வகைக்கும் தக்கபடி தன் வெளியீட்டை மாற்றிக்கொள்வதில் இருக்கிறது. அது ஏன் முக்கியம் என்பதைக் கீழே சொல்கிறேன். வாங்கும்போது சந்தாவையும் கவனியுங்கள். நெட்ஃபிளிக்ஸின் 4கே அதன் மேல்நிலைத் திட்டத்தில் மட்டுமே வரும். குறைந்த திட்டத்தை வைத்துக்கொண்டு கருவியைக் குறை சொல்வதில் நியாயமில்லை.

ஸ்டிக்கை புரொஜெக்டரின் முதுகில் நேரடியாகச் செருகிவிடலாமே என்று தோன்றும். புரொஜெக்டர் வெளியேற்றும் சூடான காற்று அதன் மீது பட்டால் ஸ்டிக் சூடேறித் தயங்கும். புரொஜெக்டரின் யூஎஸ்பி போர்ட் தரும் மின்சாரமும் பல ஸ்டிக்குகளுக்குப் போதாமல், படத்தின் நடுவில் மறுதொடக்கம் ஆகும். கூட வரும் சிறு நீட்டிப்புக் கேபிளையும் அதற்குரிய அடாப்டரையும் பயன்படுத்துங்கள்.

டிஸ்க் பிளேயர் வாங்குவது இன்று ஓர் உறுதியான முடிவாக இருக்க வேண்டும். ஆப்போ 2018-இல் இந்தத் தொழிலிலிருந்தே விலகியது. சாம்சங் 2019-இல் அமெரிக்கச் சந்தைக்குப் புதிய மாதிரிகள் வராது என்று அறிவித்தது. சோனி, பானசோனிக் கருவிகளே இப்போது முதன்மையாகக் கிடைப்பவை. எனினும் படத்தரத்தில் டிஸ்க்கை மிஞ்ச வேறு மூலம் இல்லை. ஒலியில் இடைவெளி இன்னும் கூடுதல், ஏனென்றால் ஓடிடியில் சுருக்கப்பட்ட டால்பி டிஜிட்டல் பிளஸ் வருகிறது, டிஸ்க்கில் இழப்பில்லாத ட்ரூஎச்டி அல்லது டிடிஎஸ்-எச்டி மாஸ்டர் ஆடியோ வருகிறது. வெளிநாட்டிலிருந்து டிஸ்க் வரவழைப்பவர்கள் மண்டலக் குறியீட்டைப் பார்த்து வாங்க வேண்டும். புளூ-ரேயில் இந்தியாவும் இலங்கையும் சி மண்டலம். சிங்கப்பூர், மலேசியா, அமெரிக்கா, ஜப்பான் ஏ மண்டலம். பிரிட்டனும் ஆஸ்திரேலியாவும் பி மண்டலம். அல்ட்ரா எச்டி டிஸ்க்குகளுக்கு மண்டலக் கட்டுப்பாடு இல்லை என்பது பெரிய ஆறுதல்.

கேம் விளையாடும் வீட்டில் டிஸ்க் செருகும் வசதியுள்ள பிளேஸ்டேஷன் 5 அல்லது எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் இருந்தால், அதுவே அல்ட்ரா எச்டி டிஸ்க்கையும் ஓட்டும். தனிப் பிளேயர் அவசியமில்லை. டிஸ்க் வசதி இல்லாத டிஜிட்டல் பதிப்பை வாங்கிவிட்டால் இந்த லாபம் கிடையாது.

செட்டாப் பாக்ஸைப் பொறுத்தவரை எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ள வேண்டும். நம் எச்டி சேனல்கள் 1080ஐ, 50 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 50 முறை) முறையில் வருகின்றன. அதாவது ஒற்றைப்படை வரிகளும் இரட்டைப்படை வரிகளும் மாறி மாறி வருகின்றன, அவற்றை யாராவது ஒருவர் இணைத்தாக வேண்டும். பாக்ஸே இணைத்து 1080பி-யாக அனுப்பலாம், அல்லது 1080ஐ-யாகவே அனுப்பி புரொஜெக்டரிடம் விட்டுவிடலாம். எது நன்றாகச் செய்கிறது என்பதை ஒரு கிரிக்கெட் ஆட்டத்தில் பந்து எல்லைக்கோட்டை நோக்கி ஓடும்போது பார்த்து முடிவு செய்யுங்கள்: பந்தின் ஓரத்தில் சீப்புப் பல் போன்ற கீறல்கள் தெரிந்தால் மற்ற அமைப்புக்கு மாறுங்கள். எஸ்டி சேனல்களை 100 அங்குலத்தில் பார்ப்பதைத் தவிர்ப்பது கண்ணுக்கு நல்லது.

கணினி எதையும் ஓட்டும், ஆனால் எல்லாவற்றையும் நாமே சரிசெய்ய வேண்டும். வின்டோஸில் நெட்ஃபிளிக்ஸை 4கே-யில் பார்க்க எட்ஜ் போன்ற 4கே அனுமதி பெற்ற பிரவுசர், எச்இவிசி (வீடியோ சுருக்கமுறை) ஆதரவு, எச்டிசிபி 2.2 மூன்றும் கூடிவர வேண்டும். கிராஃபிக்ஸ் அமைப்பில் ஆர்ஜிபி வீச்சு (கறுப்பு முதல் வெள்ளை வரையான எண் வரம்பு) முழுமை, அதாவது 0 முதல் 255 வரை என்றும், புரொஜெக்டரில் வரையறுக்கப்பட்டது, அதாவது 16 முதல் 235 வரை என்றும் முரண்பட்டு இருந்தால், கறுப்புச் சட்டையின் மடிப்புகள் எல்லாம் ஒரே இருட்டாகிவிடும்; மாற்றி இருந்தால் கறுப்பு சாம்பலாகும். இரண்டிலும் ஒரே வீச்சை வைக்க வேண்டும், அவ்வளவுதான். சொந்தக் கோப்புகளைச் சேர்த்து வைத்திருப்பவர்களுக்குக் கோடி (Kodi), பிளெக்ஸ், ஜெல்லிஃபின் போன்ற மென்பொருள்கள் ஸ்டிக்கிலேயே ஓடுவதால், இதற்காகவே தனிக் கணினி வாங்குவதற்கு இப்போது அதிகக் காரணம் இல்லை.

பென் டிரைவைப் பற்றி ஒரு வார்த்தை. கல்யாண வீடியோவை ஸ்டூடியோக்காரர் பென் டிரைவில் கொடுத்திருப்பார்; புரொஜெக்டரில் செருகினால் கோப்பே தெரியாது. பெரும்பாலும் காரணம், டிரைவ் என்டிஎஃப்எஸ் அல்லது எக்ஸ்ஃபேட் வடிவில் இருப்பதும் புரொஜெக்டருக்கு ஃபேட்32 மட்டுமே தெரிந்திருப்பதும்தான். ஃபேட்32-க்கு மாற்றலாம் என்றால், அதில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பை வைக்க முடியாது. படம் ஓடி ஒலி வராவிட்டால், அந்த ஒலி வகைக்கான உரிமம் புரொஜெக்டரில் இல்லை என்று பொருள். ஒலி வராத தொல்லைக்கு, ஸ்டிக்கில் விஎல்சி என்ற வீடியோ ஓட்டும் ஆப்பை நிறுவி ஓட்டுவது எளிய வழி.

ஐந்தாம் படி: எச்டிஆர் தேவையா என்று கணக்கிடுதல்

விற்பனைக் கூடத்தில் அதிகம் பேசப்படுவதும் புரொஜெக்டரில் அதிகம் ஏமாற்றம் தருவதும் இதுதான். கணக்கு எளிது. சினிமா மோடில் 1500 லூமன் ஒளி தரும் புரொஜெக்டர், 2.76 சதுர மீட்டர் பரப்புள்ள 100 அங்குல வெள்ளைத் திரையில் விழும்போது, 1500-ஐ 2.76-ஆல் வகுத்து, மறுபடி 3.14-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 173 நிட்ஸ் (திரையின் பிரகாச அளவு) வரும். 120 அங்குலமானால் 120 நிட்ஸ்தான். எச்டிஆர் படங்கள் 1000 நிட்ஸ் அல்லது அதற்கு மேற்பட்ட உச்சத்தை மனத்தில் வைத்து உருவாக்கப்படுகின்றன. அந்த உச்சத்தை இந்த 173-க்குள் அடக்கும் வேலையைச் சரியாகச் செய்யாத புரொஜெக்டரில் படம் முழுவதும் இருண்டு கிடக்கும். வீட்டில் உள்ளவர்கள் "விளக்கு போய்விட்டதா" என்று கேட்பார்கள்.

இதற்கு மூலக்கருவியில் இரண்டு தீர்வுகள் உண்டு. பானசோனிக் யூபி820 போன்ற பிளேயர்களில் திரையின் வகையாகப் புரொஜெக்டரையே தேர்வு செய்யும் வசதி இருக்கிறது. பிரகாசத்தை அடக்கும் வேலையைப் பிளேயரே செய்து அனுப்பிவிடும். ஓடிடி கருவியில் இன்னும் நேரான வழி, வெளியீட்டை எஸ்டிஆர், அதாவது எச்டிஆர் இல்லாத சாதாரணப் படமுறை, என்று அமைத்துவிடுவது. தியேட்டர் திரைக்கான டிஜிட்டல் சினிமா அளவு 48 நிட்ஸ் மட்டுமே என்பதை நினைவில் கொண்டால், நல்ல எஸ்டிஆர் படம் புரொஜெக்டருக்கு எந்த வகையிலும் குறைந்ததல்ல என்பது புரியும். இரண்டு முறையும் ஒரே காட்சியை ஓட்டிப் பார்த்து, வீட்டார் எதை விரும்புகிறார்களோ அதையே வைத்துக்கொள்ளலாம். டால்பி விஷன் என்ற எச்டிஆர் வகைக்காகக் கூடுதல் பணம் கொடுக்கும் முன், உங்கள் புரொஜெக்டர் அதை ஏற்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலானவை ஏற்பதில்லை, அப்போது கருவி எச்டிஆர்10 என்ற அடிப்படை வகைக்கு இறங்கித்தான் அனுப்பும்.

ஆறாம் படி: 24 ஃபிரேமைக் காத்தல்

சினிமா நொடிக்கு 24 ஃபிரேமில் எடுக்கப்படுகிறது. கருவி 60 ஹெர்ட்ஸில் அனுப்பினால் 24, 60-க்குள் சமமாக வகுபடாததால், ஒரு ஃபிரேம் இரண்டு முறையும் அடுத்தது மூன்று முறையும் காட்டப்படும். கேமரா ஒரு கோயில் பிராகாரத்தின் தூண் வரிசையில் மெதுவாக நகரும் காட்சியை நினைத்துக்கொள்ளுங்கள்: தூண்கள் வழுக்கிச் செல்லாமல், தடுக்கித் தடுக்கிச் செல்லும். பெரிய திரையில் இது தலைவலி தரும் அளவுக்குத் தெரியும். ஆப்பிள் டிவியில் "மேட்ச் கன்டென்ட்" பகுதியில் உள்ள இரண்டு தெரிவுகளையும் இயக்குங்கள். ஃபயர் டிவியிலும் புதிய கூகுள் டிவி கருவிகளிலும் ஃபிரேம் வேகத்தைப் பொருத்தும் அமைப்பு இருக்கிறது, ஆனால் எல்லா ஆப்களும் அதற்குக் கட்டுப்படுவதில்லை. ஃபிரேம் வேகம் மாறும்போது திரை ஓரிரு நொடி கறுப்பாகிப் பின் வரும், அது பழுதன்று. நம் தொலைக்காட்சி ஒளிபரப்பு 50 ஹெர்ட்ஸ் அடிப்படையிலானது என்பதால் ஓடிடியில் வரும் நேரலைக் கிரிக்கெட் விட்டுவிட்டு ஓடினால் அதற்கும் கருவி 60 ஹெர்ட்ஸிலேயே நிற்பதே பல சமயம் காரணம்.

ஏழாம் படி: ஒலியின் வழியையும் கேபிளையும் முன்கூட்டியே முடிவு செய்தல்

புரொஜெக்டர் கூரையில் பின்பக்கம், ஸ்பீக்கர்கள் திரையின் அருகில். எனவே மூலக்கருவிகளை எல்லாம் திரைப்பக்கம் ஏவி ரிசீவரில் (ஒலியை ஸ்பீக்கர்களுக்கும் படத்தைத் திரைக்கும் பிரித்து அனுப்பும் பெட்டி) இணைத்து, அங்கிருந்து ஒரே கேபிளைப் புரொஜெக்டருக்குக் கொண்டுபோவதுதான் சீரான அமைப்பு. சவுண்ட்பார் மட்டும் இருந்தால், அதில் எச்டிஎம்ஐ உள்ளீடு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஒலி புரொஜெக்டரிலிருந்து திரும்பி வர வேண்டிய நிலை ஏற்பட்டால் ஏஆர்சி போர்ட் தேவைப்படும். அது பல சேனல் ஒலியைச் சுருக்கப்பட்ட வடிவில் மட்டுமே கடத்தும், டிஸ்க்கின் இழப்பில்லாத ஒலிக்கு அதன் மேம்பட்ட வடிவமான இஏஆர்சி வேண்டும்.

10 முதல் 15 மீட்டர் தூரத்துக்குச் சாதாரணச் செம்புக் கேபிளில் 4கே, 60 ஃபிரேம் சிக்னல் நம்பகமாகப் போகாது. ஆப்டிகல் இழை கொண்ட ஆக்டிவ் எச்டிஎம்ஐ கேபிள் வாங்குங்கள். அதற்குத் திசை உண்டு: "சோர்ஸ்" என்று குறித்த முனை கருவிப் பக்கமும் "டிஸ்ப்ளே" என்று குறித்த முனை புரொஜெக்டர் பக்கமும் இருக்க வேண்டும். ஃபால்ஸ் சீலிங் மூடுவதற்கு முன் கேபிளைத் தரையில் விரித்து, இரு முனையும் செருகி, ஒரு முழு 4கே படத்தை ஓட்டிப் பார்த்துவிட்டே எலக்ட்ரீஷியனிடம் கொடுங்கள். கான்டியூட் பைப் எச்டிஎம்ஐ தலை நுழையும் அளவுக்கு அகலமாக இருக்கட்டும். வளைவுகளில் முழங்கை பெண்டு போடாமல் நீள் வளைவு போடச் சொல்லுங்கள். அதே பைப்பில் ஒரு லேன் கேபிளும் ஓர் இழுகயிறும் போட்டுவைத்தால் பிற்காலத்தில் சுவரை உடைக்க வேண்டியதில்லை. கருவி இருக்கும் இடத்துக்கும் ஒரு லேன் கேபிள் வரட்டும். கான்கிரீட் சுவர் இரண்டைத் தாண்டி வரும் வைஃபை, 4கே படத்தின் நடுவில்தான் தளரும்.

எட்டாம் படி: வருவது என்ன என்று சரிபார்த்தல்

எல்லாம் இணைத்தபின், ஒரு 4கே படத்தை ஓடவிட்டு, புரொஜெக்டரின் மெனுவில் "இன்ஃபோ" அல்லது "சிக்னல்" பக்கத்தைத் திறந்து படியுங்கள். 3840×2160, 23.98 அல்லது 24 ஹெர்ட்ஸ், எச்டிஆர் வைத்திருந்தால் 10 அல்லது 12 பிட் என்று இருக்க வேண்டும். 1920×1080 என்று காட்டினால் போர்ட்டையும் கேபிளையும் சந்தாவையும் அந்த வரிசையில் சோதியுங்கள். பல புரொஜெக்டர்களில் எச்டிஎம்ஐ போர்ட்டின் விரிவு முறையை மெனுவில் நாமே இயக்கினால்தான் அதன் முழுத் தகவல் வேகமும் திறக்கும். 59.94 என்று காட்டினால் ஆறாம் படிக்குத் திரும்புங்கள். திரையில் வெள்ளைப் பொட்டுகள் மின்னினாலோ படம் ஓரிரு நொடி அணைந்து வந்தாலோ கேபிளை மாற்ற வேண்டும்; அது கடையில் திருப்பிக் கொடுக்கும் காலக்கெடுவுக்குள் தெரிந்துவிடும்படி, வாங்கிய வாரத்திலேயே இரண்டு மூன்று முழுப் படங்களை ஓட்டிவிடுங்கள்.